தென்னாப்பிரிக்கப் போட்டிச் சட்டத்தில் வழக்கறிஞர் பணி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு) எழுதுகிறாள். போட்டிச் சட்ட வழக்கறிஞராக வேண்டும் என்பது அவள் விருப்பம். எந்தப் படிப்பில் சேர்ப்பது? கணிதம் அவசியமா? (ஒரு தாய், செட்ஸ்வொர்த்)

பதில்: நேராக நான்காண்டு எல்.எல்.பி. படிக்கலாம், அல்லது முதலில் பி.காம். முடித்துவிட்டு எல்.எல்.பி. சேரலாம், அதற்கு இன்னும் ஓரிரு ஆண்டு கூடுதலாக ஆகும். நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைப்பதையும், போட்டியைக் குறைக்கும் விதத்தில் ஒன்றையொன்று வாங்குவதையும் தடுப்பதே போட்டிச் சட்டம். இந்தத் துறைக்கு நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். இங்கு எந்த வழக்கும் "எது சந்தை, அதன் எல்லை எது" என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. பொருளாதார வல்லுநர் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது அவருடைய விலை அட்டவணையைப் படிக்கத் தெரியாத வழக்கறிஞரால் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆகவே கணிதம் அவசியம். பள்ளியில் கணிதத்துக்குப் பதிலாக எளிய அன்றாடக் கணக்குப் பாடமான மேத்ஸ் லிட் எடுத்திருந்தால் பி.காம். வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். சட்டப்படிப்புக்காக ஊர் விட்டுப் போக வேண்டியதில்லை. டர்பனில் ஹோவர்ட் கல்லூரி வளாகத்திலேயே படிக்கலாம்.

கேள்வி: ஆர்டிகிள்ஸ் (அட்டர்னி ஆவதற்கான பயிற்சிக் காலம்) முடிக்காமல் போட்டி ஆணையத்தில் சேர முடியுமா? (இறுதியாண்டு மாணவர், மெரிபேங்க்)

பதில்: முடியும். புகார்களை விசாரித்து வழக்குத் தொடரும் ஆணையம், விசாரணை அதிகாரிகளாகப் பட்டதாரிகளையும் பொருளாதாரம் படித்தவர்களையும் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் தம்பி, ஆர்டிகிள்ஸை முடித்து அட்டர்னியாகப் பதிவு செய்துகொண்டு செல்வதே நல்லது. பதிவு இல்லாமல் உள்ளே போனவர்கள் முப்பது வயதில் மறுபடியும் பயிற்சிக் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடையில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி இரண்டே மாதத்தில் கெட்டுவிட்டது. போட்டி ஆணையத்தில் வழக்குப் போட உங்களைப் போன்ற வழக்கறிஞர் வேண்டுமா? (ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: இது போட்டிச் சட்டம் அல்ல, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆணையமும் வேறு. ஆறு மாதத்துக்குள் குறைபாடுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமை அந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் இருக்கிறது. ரசீதோடு கடைக்குச் செல்லுங்கள். மாதந்தோறும் இதே கேள்வி வருகிறது. கடிதம் எழுதுவதற்கு முன் பிரிவை ஒருமுறையாவது நீங்களே படியுங்கள்.

கேள்வி: ஆணையத்தில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. கார்டெல் (போட்டியாளர்கள் இரகசியமாகக் கூட்டுச் சேர்வது) பிரிவில் இருக்கிறேன். இன்னும் ஆறு மாதத்தில் சாண்டனில் உள்ள தனியார் சட்ட நிறுவனம் ஒன்றுக்குப் போய்விடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எப்போது விலகுவது சரி? (பெயர் வேண்டாம், பிரிட்டோரியா)

பதில்: கையில் இருக்கும் கோப்பு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அரசுப் பணியைத் தனியார் நிறுவனத்துக்குப் போகும் வழியில் உள்ள பேருந்து நிலையமாக நினைக்கும் பழக்கம் நம் இளைஞர்களிடம் வேரூன்றிவிட்டது. அதனால் கெடுவது வழக்கு. மேற்கு கேப் மாகாணத்தில் சிறு பிரெட் விநியோகஸ்தர்கள், தங்களுக்குத் தரும் தள்ளுபடியைப் பெரிய பேக்கரி நிறுவனங்கள் ஒரே நேரத்தில் குறைத்ததையும் விலையை ஒரே நேரத்தில் ஏற்றியதையும் கண்டு முறையிட்டது 2006 இறுதியில். ஆணையம் கொண்டுவரும் வழக்குகளில் தீர்ப்புச் சொல்லும் போட்டித் தீர்ப்பாயம், அந்த பேக்கரிகளில் ஒன்றான பயோனியர் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 20 கோடி ராண்ட் அபராதம் விதித்தது 2010இல். விரைவாக முடிந்த வழக்கு என்று பெயர் பெற்றதற்கே மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. ராண்ட்–டாலர் மாற்று விகிதம் தொடர்பாக வங்கிகள் மீது ஆணையம் 2017இல் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2024 ஜனவரியில் போட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலான வங்கிகளை விடுவித்தபோதும் சாட்சி விசாரணை தொடங்கியிருக்கவில்லை. அதிகார வரம்பைப் பற்றிய வாதத்திலேயே ஏழாண்டு போயிற்று.

இத்தனை நீண்ட வழக்கில் ஒரு கோப்பு மூன்று நான்கு கைகள் மாறினால் என்ன ஆகும்? டெண்டர் வழக்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். போட்டியிட்டதாகச் சொல்லும் இரண்டு நிறுவனங்களின் விலைப்பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்க்கிறீர்கள். பதினேழாம் வரியில் இரண்டிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கிறது, ஒரே கூட்டல் தவறு இருக்கிறது, ஒன்றில் மட்டும் எல்லாத் தொகையும் ஒரே விகிதத்தில் உயர்ந்திருக்கிறது. அதுதான் கவர் விலை, அதாவது தோற்பதற்கென்றே பேசி வைத்துப் போட்ட உயர்ந்த விலை. அந்தப் பதினேழாம் வரியைக் கண்டுபிடித்தவர் விலகிப் போகிறார். அடுத்து வருபவருக்கு அது ஆயிரம் பக்கங்களில் ஒரு வரி. எதிர்த்தரப்பிலோ தொடக்கத்திலிருந்து அதே சீனியர் கவுன்சல், அதே அட்டர்னிகள். நான் தனியார் பக்கம் வந்த பிறகு, ஆணையத்தின் புதிய அதிகாரி தன்னுடைய கோப்பில் இருந்த மிக வலுவான தாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அமர்ந்ததைக் கண்டு, எதிர்த்தரப்பில் இருந்தும் மனம் நொந்திருக்கிறேன். அந்த அபராதம் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டிய நியாயம்.

ஆகவே குறைந்தது ஒரு வழக்கையாவது புகாரிலிருந்து தீர்ப்பாயத்தின் ஆணை வரை கொண்டு செல்லுங்கள். சமரசத்தில் முடிந்தாலும் சரியே. அதற்கு நான்கைந்து ஆண்டு ஆகலாம். நல்ல நிறுவனங்கள் அந்த அனுபவத்துக்குத்தான் விலை கொடுக்கின்றன. விலகும் நாளில் உங்களிடம் ஒரு தாள்கூட இருக்கக்கூடாது. பணியில் அறிந்த இரகசியத் தகவலை வெளியிடுவது போட்டிச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி குற்றம். நீங்கள் தொட்ட வழக்குகளின் எண்களை மட்டும், உள்ளடக்கம் எதுவும் இல்லாமல், முதல் நாளே புதிய நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்து, அவற்றிலிருந்து உங்களை விலக்கி வைக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னேன் என்பது போதாது. எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: அட்டர்னியா, அட்வகேட்டா? (டோங்காட்)

பதில்: பேச்சும் வாதமும் உங்கள் பலம் என்றால் நீதிமன்றத்தில் வாதிடும் அட்வகேட், நிறுவன இணைப்புகளில் (ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவது, இரண்டும் ஒன்றாவது) ஆர்வம் என்றால் கட்சிக்காரரோடு நேரடியாக வேலை செய்யும் அட்டர்னி.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் இணைப்புப் பிரிவில் உண்மையில் என்ன வேலை செய்வார்கள்? (ஒரு வாசகி, லெனேசியா)

பதில்: பெரும்பகுதி எழுத்து வேலை, கெடு நாளுக்குள் முடிக்கும் வேலை. நடுத்தர அளவிலான (இடைநிலை) இணைப்புக்கு ஆணையம் 20 வேலை நாள் எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் இன்னும் 40 நாள் நீட்டிக்கும். பெரிய இணைப்பு ஆணையத்தின் பரிந்துரையோடு தீர்ப்பாயத்துக்குப் போகும். வெளிநாட்டில் பயின்று வந்தவர்கள் இங்கே தடுமாறும் இடம் பொதுநலன். வேலைவாய்ப்பு, சிறு வணிகம், ஒடுக்கப்பட்டிருந்தோரின் பங்குடைமை ஆகியவற்றையும் 12ஏ பிரிவு எடைபோடச் சொல்கிறது. வால்மார்ட் மாஸ்மார்ட்டை வாங்க வந்தபோது போட்டி குறையும் என்று யாரும் வலுவாக வாதிடவில்லை. ஆனால் தொழிற்சங்கங்களும் அமைச்சர்களும் எதிர்த்து நின்றதால் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 2012இல் உள்ளூர் உற்பத்தியாளர்களுக்கான நிதி, நீக்கப்பட்ட தொழிலாளர்களைத் திரும்ப எடுத்தல் போன்ற நிபந்தனைகளோடு முடிந்தது. தொழிற்சங்கத்துக்கு இணைப்பு அறிவிப்பின் நகலைக் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுத்ததற்கான அத்தாட்சியை எழுத்தில் வாங்கி வைப்பது இளநிலை அட்டர்னியின் பொறுப்பு.

கேள்வி: தீபாவளிக்கு முன் எங்கள் ஊர் மொத்த வியாபாரிகள் கூடி மிளகாய்த்தூளுக்கு ஒரு "நியாய விலை" முடிவு செய்யப் போகிறார்கள். சங்கத்தின் இளம் அட்டர்னி என்பதால் குறிப்பெடுக்க என்னை அழைக்கிறார்கள். போகலாமா? (ஸ்டாங்கர்)

பதில்: போகாதீர்கள். அட்டர்னி கேட்கும் கேள்வியா இது? பிரிவு 4(1)(பி)யை நீங்களே படியுங்கள். போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயித்தாலே குற்றம். யாருக்கு என்ன பாதிப்பு என்று ஆணையம் நிரூபிக்கத் தேவையில்லை, நல்லெண்ணம் ஒரு பதிலாகாது, சங்கத்தின் முடிவும் அதில் அடங்கும். அபராதம் ஆண்டு விற்பனையில் 10 சதவீதம் வரை போகலாம். மறுபடி செய்தால் 25 சதவீதம் வரை. 2016 மே முதல் இயக்குநர்களும் மேலாளர்களும் பத்தாண்டு வரை சிறை செல்லவும் இடமிருக்கிறது. கூட்டம் நடப்பதற்கு முன்பே தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள். ஏற்கெனவே கூட்டத்தில் அமர்ந்திருந்தால் எழுந்து வெளியேறி, வெளியேறிய நேரத்தைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். முன்பே விலை பேசியிருந்தால், முதலில் ஆணையத்திடம் வந்து ஒப்புக்கொள்பவருக்குத்தான் அபராத விலக்கு. பிரெட் வழக்கில் பிரீமியர் என்ற மற்றொரு பேக்கரி நிறுவனம் தப்பியது அப்படித்தான். அந்த விலக்கு குற்றவியல் வழக்கிலிருந்தும் தானாகக் காக்கும் என்று உங்கள் வியாபாரிகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே முடிவு செய்வது அரசு வழக்குத்தொடர் அமைப்பு.

கேள்வி: மொரீஷியஸில் இருக்கும் என் மருமகனுக்கு இங்கே வந்தால்தான் இந்தத் துறையில் எதிர்காலமா? (மெரிபேங்க்)

பதில்: இல்லை. அங்கே 2007ஆம் ஆண்டுச் சட்டமும் தனி ஆணையமும் இருக்கின்றன. தவிர, மொரீஷியஸ் கொமேசாவில் (கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தை) உறுப்பு நாடு, மலாவியின் லிலோங்வேயில் உள்ள அதன் போட்டி ஆணையத்திலும் வாய்ப்பு உண்டு. தென்னாப்பிரிக்கா கொமேசாவில் இல்லை.

கேள்வி: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? (பலர்)

பதில்: சட்டத்தையே முதலில் படியுங்கள், உரைநூலை அல்ல. அடுத்து 2010ஆம் ஆண்டு பயோனியர் தீர்ப்பு. தீர்ப்பாயத்தின் முடிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிட்டோரியாவில் விசாரணைகளை யார் வேண்டுமானாலும் அமர்ந்து கேட்கலாம், இரகசியத் தகவல் பேசும்போது மட்டும் வெளியே அனுப்புவார்கள்.