காஸ்மாஸ் 2004: ஓய்வுபெற்றும் இறங்காத சோவியத் செயற்கைக்கோள் – கேள்வி பதில்

கேள்வி: காஸ்மாஸ் 2004 என்பது 2004-ல் ஏவியதா, சார்?

பதில்: இல்லைங்க, அது வரிசை எண். ஏவியது 1989 பிப்ரவரி 22, ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து. உளவு, ஆராய்ச்சி, தகவல்தொடர்பு எதுவானாலும் சோவியத்காரர்கள் காஸ்மாஸ் என்று பெயர் வைத்து ஒரு எண் போட்டுவிடுவார்கள். வேலை என்ன என்று வாயே திறக்கமாட்டார்கள். இது சோவியத் கடற்படைக்கு வழிகாட்டிய பாருஸ் வகை, சுமார் 800 கிலோ.

கேள்வி: அப்படியென்றால் நம் போனில் உள்ள ஜிபிஎஸ் போலத்தானே?

பதில்: வேலை ஒன்று, வழி வேறு. ஜிபிஎஸ்ஸுக்கு ஒரே நேரத்தில் நான்கு செயற்கைக்கோள்களாவது (சுருக்கமாக ‘கோள்’ என்றே சொல்கிறேன்) தெரிய வேண்டும். பாருஸுக்கு ஒன்றே போதும். ரயில் நெருங்கும்போது ஹாரன் கீச்சென்றும் கடந்தபின் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதே டாப்ளர் விளைவுதான். கோள் 150, 400 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஒலிபரப்பிக்கொண்டே தலைக்கு மேல் கடக்கும். அதிர்வெண் எப்போது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளந்து, கப்பலில் இருப்பவர்கள் தங்கள் இடத்தைக் கணக்கிடுவார்கள். இரண்டு அலைவரிசை எதற்கென்றால், அயனி மண்டலம் (மின்னூட்டத் துகள்கள் உள்ள மேல் வளிமண்டலம்) உண்டாக்கும் பிழையைக் கழிக்க. அமெரிக்காவின் டிரான்சிட் அமைப்பும் இதே முறைதான். குறை என்ன? ஒரு கோள் கடந்துவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். கப்பலுக்குச் சரி, விமானத்துக்கு ஆகாது. 1982-ல் ஏவத் தொடங்கிய, ஜிபிஎஸ் போன்ற சோவியத் அமைப்பான குளோனாஸ் அந்தக் குறையைத் தீர்த்தது.

கேள்வி: பொதுமக்களுக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: இந்தக் கோளால் இல்லை, இதன் உறவுக்காரர் ஒருவரால் உண்டு. 1982 ஜூனில் ஏவிய காஸ்மாஸ் 1383-ல் ஆபத்து சிக்னலைப் பிடிக்கும் கருவியும் இருந்தது. அந்த செப்டம்பரிலேயே கனடாவில் விழுந்த சிறு விமானத்தின் சிக்னலைப் பிடித்து மூன்று பேரைக் காப்பாற்ற உதவியது. பனிப்போர் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

கேள்வி: இதில் அணு உலை இருக்கிறதாமே அண்ணா? வாட்ஸ்அப்பில் வந்தது.

பதில்: இல்லை, தம்பி. சூரிய மின்கலமும் பேட்டரியும்தான். 1978-ல் கனடாவில் விழுந்த காஸ்மாஸ் 954-ல் உலை இருந்தது. அது கப்பல்களை வேவு பார்த்த ரேடார் கோள்.

கேள்வி: 2020-ல் மோதப்போகிறது என்று பரபரப்பானதே?

பதில்: ஆமாம், அது வெறும் வதந்தி இல்லை. அக்டோபர் 16, தரையிலிருந்து சுமார் 990 கி.மீ. உயரம். எதிரே வந்தது சீனாவின் லாங் மார்ச் 4சி ராக்கெட்டின் கைவிட்ட பகுதி. மோத 10 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு என்று விண்வெளிக் குப்பைகளைக் கண்காணிக்கும் அமெரிக்க நிறுவனமான லியோலேப்ஸ் எச்சரித்தது. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 2.8 டன், ஒன்றையொன்று நெருங்கிய வேகம் நொடிக்கு 14.7 கி.மீ. நல்லவேளை, உரசாமல் போயின. 2009-ல் அமெரிக்கத் தகவல்தொடர்புக் கோள் இரிடியம் 33-உம் செயலிழந்த ரஷ்யக் கோள் காஸ்மாஸ் 2251-உம் மோதியபோது கண்காணிக்கும் அளவுக்குப் பெரிய துண்டுகளே 2,000-க்கு மேல் சிதறின. இங்கே எடை அதைவிட அதிகம்.

கேள்வி: கீழே இறக்கிவிட வேண்டியதுதானே?

பதில்: எப்படி? சுற்றுப்பாதையை மாற்ற அதில் இன்ஜினே கிடையாது. அந்த உயரத்தில் காற்றின் உராய்வும் மிகக் குறைவு, தானாக விழப் பல நூற்றாண்டுகள் ஆகும். இன்னொரு தலைவலி, இந்த வகைக் கோள்களை ஏவிய காஸ்மாஸ்-3எம் ராக்கெட்டின் மேல் அடுக்கும் ஒவ்வொரு முறையும் அங்கேயே தங்கியது. ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல்! என்னைக் கேட்டால், செத்த கோள்களைவிட முதலில் அள்ள வேண்டியவை இவைதான்.

கேள்வி: மதுரையிலிருந்து பார்க்க முடியுமா?

பதில்: மேலே வரும், பாதையின் சாய்வு பூமத்திய ரேகைக்கு 83 பாகை என்பதால் எல்லா ஊருக்கும் வரும். ஆனால் மங்கல். அந்தி முடிந்ததும் அல்லது விடியலுக்கு முன், பைனாகுலரோடு முயலுங்கள். நேரத்தை ஏதாவது சாட்டிலைட் டிராக்கர் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். அதில் தேட வேண்டிய செயற்கைக்கோள் பட்டியல் எண் 19826.