24 மெகாபிக்சல் ஒன்றே. சென்சார் பெரிதானால் படம் தெளிவாகுமா?

கேள்வி: என்னிடம் 24 மெகாபிக்சல் (அதாவது 2.4 கோடி பிக்சல்) ஏபிஎஸ்-சி கேமரா, சிறிய சென்சார் கொண்ட வகை, இருக்கிறது. பறவைகளையும் இயற்கைக் காட்சிகளையும் எடுக்கிறேன். சில படங்களை 30க்கு 20 அங்குல அளவில் அச்சிடுகிறேன். அதே 24 மெகாபிக்சலும் பெரிய சென்சாரும் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறினால் ரெசல்யூஷன் அதிகரிக்குமா? அப்படியானால் செல்பேசிகளில் 200 மெகாபிக்சல் என்று போடுகிறார்களே, அதற்கு என்ன பொருள்?

பதில்: கோப்பின் ரெசல்யூஷன் அதிகரிக்காது. இரண்டு கேமராக்களும் 6000க்கு 4000 பிக்சல் கொண்ட படத்தையே தரும். 30 அங்குல அகலத்தில் அச்சிடும்போது இரண்டிலும் அங்குலத்துக்கு 200 பிக்சல்தான் கிடைக்கும். ஒளியைப் பதிவுசெய்யும் தகடான சென்சாரின் பரப்பளவு இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. ஆனால் அந்த 2.4 கோடி பிக்சல்களில் எத்தனை உண்மையான நுண்விவரத்தைத் தாங்கி வருகின்றன, எத்தனை வெறும் மங்கலையும் நாய்ஸையும் (படத்தில் தெரியும் தேவையற்ற புள்ளிகளையும்) பதிவுசெய்து இடத்தை நிரப்புகின்றன என்பதைத் தீர்மானிப்பதில் சென்சாரின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு.

லென்ஸிலிருந்து தொடங்குவோம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ.; ஏபிஎஸ்-சி பெரும்பாலும் 23.5க்கு 15.6 மி.மீ. அளவில் இருக்கும். சென்சாரின் மேல் விழும் அந்தச் சிறு பிம்பம் 30 அங்குல அச்சாக மாற, ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ 21 மடங்கும் ஏபிஎஸ்-சியில் 32 மடங்கும் பெரிதாக்கப்பட வேண்டும். லென்ஸின் குறைகளும் கூடவே அதே மடங்கில் பெரிதாகின்றன. ஒரு பிக்சலின் அகலம் முதலதில் 6 மைக்ரான், இரண்டாவதில் 3.9 மைக்ரான் என்பதால், பிக்சல் அளவிலான நுணுக்கத்தைத் தருவதற்கு ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டும் லென்ஸ் ஒன்றரை மடங்கு கூர்மையானதாக இருந்தாக வேண்டும். சாதாரண ஜூம் லென்ஸ் ஒன்று பெரிய சென்சாரில் தெளிவாகவும் சிறிய சென்சாரில் சற்றுச் சோர்வாகவும் தெரிவதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்தது ஒளி. ஃபுல் ஃபிரேமின் பரப்பு ஏபிஎஸ்-சியைப்போல 2.35 மடங்கு, ஆகவே ஒரே அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு), ஒரே ஷட்டர் வேகத்தில் அது சேகரிக்கும் மொத்த ஒளியும் அத்தனை மடங்கு அதிகம். ஒளி குறையும்போது நாய்ஸ் மேலோங்குகிறது. அதை நீக்கும் மென்பொருள் இறகின் இழைகளையும் இலையின் நரம்புகளையும் நாய்ஸ் என்றே எண்ணித் துடைத்துவிடுகிறது. உயர் ஐஎஸ்ஓவில் (குறைந்த ஒளிக்காக ஏற்றப்படும் உணர்திறன் அளவில்) படம் ரெசல்யூஷன் இழந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். நல்ல வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ 100 அளவில், இந்த வேறுபாட்டை அச்சில் கண்டுபிடிப்பது கடினம்.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. இயற்கைக் காட்சியில் முன்னே கிடக்கும் பாறையும் பின்னே நிற்கும் மலையும் ஒருசேரத் தெளிவாக இருக்க வேண்டுமென்றால், ஏபிஎஸ்-சியில் எஃப் 8 (இந்த எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறிதாகும்) போதுமான இடத்தில் ஃபுல் ஃபிரேமில் எஃப் 11 அல்லது சற்றுக் கூடுதலாகவே மூட வேண்டியிருக்கும். அப்படி மூடியதும் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறைகிறது. ட்ரைபாட் இருந்தால் ஷட்டரை நீட்டித்துச் சமாளிக்கலாம். கையில் பிடித்து எடுப்பவர் ஐஎஸ்ஓவை ஏற்றியாக வேண்டும், பெரிய சென்சாரின் ஒளிச் சாதகம் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். லென்ஸின் துளை குறுகும்போது ஒளி பரவி மங்கலாகும் விளிம்பு விளைவும் இப்படித்தான்: சிறிய பிக்சல்களில் அது முன்னதாகவே தெரியத் தொடங்கும், ஆனால் பெரிய சென்சாரில் நீங்கள் துளையை மேலும் மூடுவதால் கணக்கு சமமாகிவிடும்.

பறவைகளைப் பொறுத்தவரை, நீங்கள் நினைக்கும் மாற்றம் நஷ்டமாகவே முடியும். அதே 400 மி.மீ. லென்ஸுடன் அதே தூரத்தில் நின்றால், பறவையின் பிம்பம் எந்தச் சென்சாரிலும் ஒரே அளவில்தான் விழும். அது 2 மி.மீ. அகலம் என்று கொண்டால், உங்கள் இப்போதைய கேமரா அதற்கு 510 பிக்சல்களை ஒதுக்குகிறது; 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் 333 பிக்சல்களையே தரும். ஏபிஎஸ்-சி காட்டும் சட்டகத்துக்கு அந்தப் படத்தை வெட்டினால் எஞ்சுவது சுமார் 10 மெகாபிக்சல். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமிலும் அவ்வாறு வெட்டினால் 19 மெகாபிக்சல்தான் மிஞ்சும். பறவைக்கு நெருங்க முடியாதவருக்கு நீளமான லென்ஸ் தரும் பயனைச் சென்சாரின் பரப்பு தராது.

செல்பேசியின் 200 மெகாபிக்சலுக்கு வருவோம். அத்தகைய சென்சார்களில் பரவலாக உள்ள ஒரு வகை ஏறத்தாழ 9.8க்கு 7.3 மி.மீ. அளவுடையது, பரப்பில் ஃபுல் ஃபிரேமின் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான். எஃப் 1.7 லென்ஸ் எவ்வளவு குறையற்றதாக இருந்தாலும், விளிம்பு விளைவினால் ஓர் ஒளிப்புள்ளி சுமார் 2.3 மைக்ரான் அகல வட்டமாகவே விழும். அதாவது ஒரு புள்ளியே நான்கு பிக்சல் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவேதான் வழக்கமான பயன்பாட்டில் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாக அந்தச் செல்பேசி தருகிறது. நல்ல வெயிலில் முழு எண்ணிக்கையில் எடுத்தால் ஓரளவு கூடுதல் விவரம் கிடைக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை உங்கள் 24 மெகாபிக்சலைப்போல எட்டு மடங்கு என்று எண்ணுவது விளம்பரத்தை அப்படியே நம்புவதாகும்.

உங்கள் நிலையில் நான் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமுக்குச் செலவிட மாட்டேன். மங்கிய ஒளியில் அடிக்கடி எடுப்பவராக இருந்தால் மட்டுமே அந்த முடிவில் நியாயம் உண்டு. முதலில் ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6 என வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து, டைமர் மூலம் ராவ் கோப்பாக (கேமரா மெருகூட்டாத மூலக் கோப்பாக) ஒரு படம் எடுங்கள். அது முழு அளவில் கூர்மையாகத் தெரிந்து, உங்கள் வழக்கமான படங்கள் அப்படித் தெரியவில்லையென்றால், குறை கையசைவிலோ ஃபோகஸிலோ இருக்கிறது. ட்ரைபாடில் எடுத்த படமே மங்கலாக இருந்தால் லென்ஸை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அச்சைப் பொறுத்தவரை, ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் தாராளம். அருகில் வந்து உற்றுப் பார்த்தாலும் தாங்க வேண்டும் என்று விரும்பினால், அசையாத காட்சிகளுக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: கேமராவைச் செங்குத்தாக வைத்து, பக்கவாட்டில் திருப்பி, அடுத்தடுத்த படங்கள் முப்பது விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மூன்று படங்களை எடுத்து மென்பொருளில் இணையுங்கள். ஓரங்களை வெட்டிய பின்னும் 9000க்கு 6000 பிக்சலை ஒட்டிய படம் கிடைக்கும். 30 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 300 பிக்சல்.