கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்கும் தந்தைக்கு

தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். கலிஃபோர்னியாவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் தங்கள் மகள் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் கட்-ஆஃப் எவ்வளவு என்று தெரிந்தால் அதற்கேற்ப அவரைத் தயார்செய்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் தேடும் அந்த எண், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, எங்கும் இல்லை.

முன்பு ஏறக்குறைய அப்படி ஒன்று இருந்ததுண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 150 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் விண்ணப்பங்களை மதிப்பிட்டு, 100 புள்ளிகளை எட்டியவர்களுக்கு இடம் கொடுத்தது. அதில் சில இனப் பிரிவினருக்குத் தானாகவே 20 புள்ளிகள் சேர்க்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2003-இல் செல்லாது என்று தீர்ப்பளித்ததோடு அந்த முறை முடிவுக்கு வந்தது. இன்று சட்டப்படியான வரம்பு உள்ள பெரிய இடம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம். அதுவும் டெக்சாஸ் பள்ளிகளில் தரவரிசையின் உச்சியில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அவர்களுக்கும் உறுதியாவது பல்கலைக்கழகத்தில் ஓர் இடம்தான். கேட்ட துறை உறுதியில்லை.

மற்ற இடங்களில் என்ன நடக்கிறது? லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துக்கு ஒரே ஆண்டில் 1,40,000-க்கும் மேற்பட்ட முதலாண்டு விண்ணப்பங்கள் வருகின்றன. பத்தில் ஒருவருக்குக்கூட அனுமதி கிடைப்பதில்லை. இத்தனையையும் பயிற்சி பெற்ற வாசிப்பாளர்கள் படித்தாக வேண்டும் என்பதால், ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தொடங்கிவைத்து வேறு சிலவும் பின்பற்றும் முறையில், இருவர் ஒன்றாக அமர்ந்து, ஒருவர் மதிப்பெண்களையும் பள்ளியின் குறிப்பையும், மற்றவர் கட்டுரையையும் செயல்பாடுகளையும் ஒரே நேரத்தில் படித்து, பேசி, அப்போதே பரிந்துரையை எழுதிவிடுகிறார்கள்.

மேலே சொன்ன ‘பள்ளியின் குறிப்பு’ பெற்றோர் பெரும்பாலும் பார்த்தேயிராத ஒரு தாள். அந்தப் பள்ளியில் எத்தனை ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படுபவை) உண்டு, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பன போன்ற விவரங்கள் அதில் இருக்கும். இருபது ஏ.பி. பாடங்கள் உள்ள பள்ளியில் ஐந்தை எடுத்தவரும், நான்கே உள்ள பள்ளியில் நான்கையும் எடுத்தவரும் வாசிப்பாளர் கண்ணுக்கு ஒன்றல்லர். எண்ணிக்கையில் பின்தங்கிய இரண்டாமவர் கிடைத்ததையெல்லாம் எடுத்தவராகத் தெரிகிறார். ஆகவே, வேறு பள்ளியில் படிக்கும் நண்பர் மகனின் மதிப்பெண்ணோடு தங்கள் மகளை ஒப்பிட்டுத் தாங்கள் இழக்கும் உறக்கத்தால் பயன் எதுவுமில்லை.

கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் பயிற்சிக்கு உடனே பணம் கட்டவும் வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் சேர்க்கை முடிவுக்கு அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை; ஆனால் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் (எம்.ஐ.டி.) ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகமும் கட்டாயம் கேட்கின்றன. பட்டியலை முடிவுசெய்த பின் பயிற்சியைப் பற்றி யோசிக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் மகள் தடுமாறியதாக வருந்தியிருந்தீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சராசரியைக் கணக்கிடும்போது பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் மதிப்பெண்களை மாணவரே விண்ணப்பத்தில் பதிய வேண்டும். பின்னர் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்பார்க்கும்போது பொருந்தாவிட்டால் கொடுத்த அனுமதியும் பறிபோகும். அந்தப் பக்கத்தை மகள் நிரப்பியதும் தாங்கள் ஒருமுறை சரிபாருங்கள். பெற்றோர் கை பட வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

கட்டுரையில் கை வைக்காதீர்கள். கலிஃபோர்னியா விண்ணப்பத்தில் எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் விடையளிக்க வேண்டும். பெரியவர்கள் திருத்தியது படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ‘சமூக சேவையின் மகத்துவத்தை உணர்ந்தேன்’ என்று பதினேழு வயதுப் பிள்ளை தானாக எழுதுவதில்லை. பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் ஒவ்வொரு செயல்பாட்டையும் விவரிக்கத் தருவது 150 எழுத்துகள். அங்கே ‘முதியோர் இல்லத்தில் தன்னார்வத் தொண்டு’ என்று எழுதினால் வாசிப்பாளருக்கு எதுவும் தெரியாது. ‘சனிதோறும் ஆறு முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகளை அலைபேசியில் அழைத்துக் கொடுப்பேன்; காது கேளாதவருக்குப் பதிலை எழுதிக் காட்டுவேன்’ என்றால் ஒரு பெண் கண்முன் நிற்கிறாள்.

கணினி அறிவியல் மட்டுமே என்ற தங்கள் உறுதியைப் பற்றியும் ஒரு சொல். பல பெரிய பல்கலைக்கழகங்களில் போட்டி துறைவாரியாக நடக்கிறது. அதே மாணவிக்கு ஒரு துறையில் கிடைக்கும் இடம் இன்னொன்றில் கிடைக்காமல் போகலாம். எளிதான துறையில் நுழைந்து பின்னர் மாறிக்கொள்ளலாம் என்ற யோசனையும் பல இடங்களில் பலிக்காது. அவருக்குக் கணிதமோ புள்ளியியலோ உண்மையிலேயே பிடிக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்த கடிதத்தோடு அவருடைய பள்ளியின் குறிப்பையும், அங்கு நடத்தப்படும் பாடங்களின் பட்டியலையும் அனுப்புங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு எவற்றை எடுப்பது என்பதை, அவரும் உடனிருக்க, அவற்றை வைத்துப் பேசுவோம்.