பாலில் உள்ள என்சைமை வைத்துப் பசுவின் கல்லீரலைக் கணிக்கலாமா?

கன்று ஈன்ற பசு தீவனம் எடுக்காமல் மெலிகிறது, ரத்தம் எடுக்காமல் பாலிலேயே கல்லீரல் என்சைம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். கல்லீரல் என்சைம்களில் ஒன்றான ஜிஜிடி (GGT) மடியிலேயே ஏராளம், அதனால் பாலில் அது இருப்பது கல்லீரலைக் காட்டாது. ஏஎஸ்டி (AST), எல்டிஹெச் (LDH) என்ற வேறு இரண்டு என்சைம்களும் மடிநோய் வந்தாலே பாலில் ஏறிவிடும். கல்லீரலுக்கு ரத்தத்தில் ஜிஎல்டிஹெச் (GLDH) என்ற என்சைமையும் ஜிஜிடியையும் பார்ப்பதே சரி. ரத்த ஏஎஸ்டி தசையிலிருந்தும் வரும். எழ முடியாமல் படுத்த மாட்டில் அது கூடியிருந்தால் கல்லீரல்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

பால் வேறு விதத்தில் துப்புக் கொடுக்கும். ஈன்ற முதல் சில வாரங்களில் பாலின் கொழுப்புச் சதவீதத்தைப் புரதச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். கொழுப்பு 4.8, புரதம் 3.0 என்றால் 1.6 வரும். 1.4-ஐத் தாண்டினாலே உடல்கொழுப்பு கரைந்து கல்லீரலில் படிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் பசு தீவனமும் எடுக்கவில்லை என்பதால், இன்றே கால்நடை மருத்துவரை அழைத்துக் கீட்டோன் (உடல்கொழுப்பு கரையும்போது உண்டாகும் பொருள்) சோதனை செய்யச் சொல்லுங்கள்.