தெருவை அடைக்கலாம், சாவி யாரிடம்? – வாகனமில்லாத் தெரு பற்றிய கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் ஒரு வியாபாரிகள் கூட்டத்தில், கடைவீதியில் கொஞ்சத் தூரத்தை நடக்கிறவர்களுக்கு மட்டும் ஒதுக்கினால் என்ன என்று பேச்சு வந்தது. அன்றைக்குச் சண்டையில்தான் முடிந்தது. அப்புறம் களியக்காவிளை, நாகர்கோவில், செங்கோட்டை, பாலக்காடு என்று நாலு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்தன. நகராட்சிப் பொறியியல் பிரிவில் ரோடு, ஓடை என்று முப்பது வருஷம் அலைந்தவன் என்பதுதான் பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி.

கேள்வி (பாத்திரக்கடைக்காரர், மார்த்தாண்டம்): வண்டி வராத தெருவில் எவன் வந்து அண்டா வாங்குவான்? தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவானா?

அண்ணாச்சி, வந்த கேள்விகளிலேயே நியாயமானது உங்களுடையதுதான். கடைக்காரர் எதிர்க்காமல் உலகத்தில் எங்கேயும் ஒரு தெருவை அடைத்ததில்லை. கோபன்ஹேகனில் ஸ்ட்ராய்யெட் என்ற கடைவீதியை 1962 நவம்பரில் கார் போகாத தெருவாக்கியபோது, தெருவில் உலாத்துவதற்கு நாம் என்ன இத்தாலிக்காரர்களா என்று கேட்டார்கள். இன்றைக்கு அந்தத் தெரு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஊருக்கே அடையாளம்.

அவ்வளவு தூரம் போவானேன்? கோழிக்கோடு மிட்டாய்த் தெருவைப் பாருங்கள். 2017 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்து, காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரை வண்டி கூடாது என்றார்கள். அங்கேயும் வியாபாரம் போச்சு என்று கடைக்காரர்கள் கொடி பிடித்தார்கள். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அல்வா, செருப்பு, சட்டைத்துணி எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போகிற சரக்கு. அண்டா அப்படியல்ல.

அங்கே ஒரு நாள் காலை ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்றேன். மினி லாரி ஒன்று பின்பக்கமாக ஏறி நின்றது. தலையில் சும்மாடு வைத்த சுமட்டுக்காரர்கள் மூட்டைகளை ஓட்டமும் நடையுமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் நின்ற பெரியவர் நொடிக்கொரு தரம் வாட்சைப் பார்த்தார். மூட்டை இறங்கி முடிந்ததும் டிரைவர் டீக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தான். இந்த நேரக்கணக்கு பிசகினால் மேலே பதித்த கல் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் உங்கள் சங்கம் கேட்க வேண்டியது மூன்று: சரக்கு இறக்க விடியற்காலை நேரம், பக்கத்துச் சந்தில் வண்டி நிறுத்தி ஏற்ற ஓர் இடம், கடையிலிருந்து அந்த இடத்துக்குப் பொதுவான நாலு தள்ளுவண்டி. வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றால் இந்த மூன்றும் கிடைக்காமல் தெருவை மட்டும் அடைப்பார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், நாகர்கோவில்): பாண்டி பஜார் மாதிரி நமக்கும் ஒன்று வருமா?

தம்பி, சென்னைப் பாண்டி பஜாரில் இன்றும் கார் ஓடுகிறது. 2019 நவம்பரில் திறந்தது, நடைபாதையை அகலமாக்கிச் சாலையைக் குறுக்கிய வேலை. புதுச்சேரி கடற்கரைச் சாலை வேறு வகை, மாலை 6 மணிக்கு அடைத்து மறுநாள் காலை ஏழரைக்குத் திறக்கிறார்கள். தில்லி சாந்தினி சௌக்கில் பகல் 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை, சைக்கிள் ரிக்‌ஷா போகலாம். எல்லாவற்றையும் பிளாசா, அதாவது நடப்பவர்களுக்கான வெளி, என்ற ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் பாதிச் சண்டை. மணிமேடைப் பக்கம் எதையாவது செய்வதானால் இதில் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி (சட்டம் படிக்கிறவர், தக்கலை): ஒரு தெருவில் வண்டியைத் தடுக்க யாருக்கு அதிகாரம்? கவுன்சிலர் தீர்மானம் போட்டால் போதுமா?

போதாது. தெரு உள்ளாட்சியுடையதாக இருக்கலாம். அதில் ஓடும் வண்டியைத் தடுப்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இன் கீழ் வருகிறது. மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு சின்ன வாசல் உண்டு. தடை ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழ் வேண்டாம், உள்ளூரில் முடிந்த அளவு விளம்பரப்படுத்தினால் போதும்.

அதாவது ஒரு மாதம் சோதனை செய்து பார்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. நம் ஊர்களில் பெரும்பாலும் நேரே டெண்டருக்குப் போய் கிரானைட் வாங்கிவிடுகிறோம்! நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தை 2009 மே மாதம் அடைத்தபோது முதலில் என்ன போட்டார்கள் தெரியுமா? கடற்கரையில் போடும் மடக்கு நாற்காலிகள். கல் பதிக்கிற பேச்சே அப்போது இல்லை. எண்ணிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நடப்பவர்கள் காயப்படுவது 35 சதவீதமும், வண்டியில் இருப்பவர்கள் காயப்படுவது 63 சதவீதமும் குறைந்ததாக நகரப் போக்குவரத்துத் துறை கணக்குக் காட்டியது. அதற்குப் பிறகுதான், 2010-இல், இது நிரந்தரம் என்று அறிவித்தார்கள்.

கேள்வி (தட்டுக்கடை போடுகிறவர், களியக்காவிளை): கல்லு பதிச்சு லைட்டு போட்டதும் முதலில் எங்களைத்தானே தூக்குவாங்க?

பெரும்பாலும் ஆமாம் அக்கா. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். 2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு முடிய வேண்டும். அது முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதற்குப் பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ். நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள், அவர்களே தேர்ந்தெடுத்தவர்கள். அந்த வியாபாரி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

இனி என் பங்குக் குற்றத்தைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் கணக்கெடுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. செவ்வாய் அந்தச் சந்தைக்கு விடுமுறை. பூக்காரர்களும் மீன்காரர்களும் ஒருத்தர்கூட இல்லை. இருந்தது நாலு பழக்கடை, ஒரு சாவி ரிப்பேர்க்காரர். பட்டியல் அப்படியே மேலே போனது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆறு மாதம் கழித்துப் பூக்காரப் பாட்டி ஒருத்தி ஆபீசுக்கு வந்து, "என் பேரு எங்கே போச்சு சாரே?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல?

ஆகையால் கணக்கெடுப்பு நாள் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தியில் கடை போடுகிறவர் அந்தியில் எண்ணச் சொல்லுங்கள். இன்னொன்று, உங்கள் பேரூராட்சி கொடுக்கும் வியாபாரி அட்டை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் செல்லாது. இரண்டு பக்கமும் கடை போடுகிறவர்கள் உங்களில் பலர் என்பது தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி (கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமி): எங்கள் தெருவில் வண்டியைத் தடுக்கக் கம்பம் நட்டால் ஐப்பசியில் ரதம் எப்படி வரும்?

மாமி, தேர் ஓடும் தெரு ஏற்கெனவே நடப்பவர்களுக்கான தெருதான். மதுரை சித்திரை வீதிகளையோ திருமலை மாட வீதிகளையோ பார்த்தவர்களுக்கு பிளாசா என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேர் போகிற அகலம் விட்டுத்தான் அந்தத் தெருக்களை வகுத்தார்கள்.

கம்பம் நடலாம், ஆனால் கழற்றி எடுக்கிற வகையாக இருக்க வேண்டும். தரையில் இரும்புக் குழல், அதற்குள் கம்பம், பக்கத்தில் பூட்டு. குழலுக்குள் மழைத் தண்ணீர் நிற்காமல் வடிய அடியில் ஓட்டை கட்டாயம். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் அந்த ஓட்டையை விட்டுவிட்டார்கள். தேர் நாள் காலையில் ஆறு கம்பத்தில் ஐந்து கழன்றது. ஆறாவதின் பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. எண்ணெய் விட்டார்கள், சுத்தியலால் தட்டினார்கள். வடத்தைப் பிடித்தபடி ஜனம் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க, கடைசியில் கேஸ் வெல்டிங்காரரைக் கூட்டி வந்து அறுத்தார்கள். அறுத்த அடிக்கட்டை இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததால் அதன்மேல் மணல் மூட்டை போட்டுத்தான் சக்கரத்தை ஏற்றினார்கள்.

தரையும் முக்கியம். மணல்மேல் பரப்பிய பேவர் பிளாக் தேர்ச் சக்கரத்துக்கும், பின்னாலிருந்து முட்டும் யானைக்கும் தாங்காது. அடியில் கான்கிரீட் போட்டு, மேலே சொரசொரப்பான கனத்த கல். பளபளப்பான கிரானைட் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் முதலில் வழுக்கி விழுவது நீங்கள்தான்.

கேள்வி (தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், செங்கோட்டை): கம்பம், பெஞ்சு, பூந்தொட்டி எல்லாம் சரி. எங்கள் வண்டி எப்படி வரும்?

நடுவில் நான்கு மீட்டர் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், கம்பத்தின் சாவி ஒன்று உங்கள் நிலையத்திலேயே தொங்க வேண்டும். மிட்டாய்த் தெருவில் 2007-இல் பட்டாசுக்கடை எரிந்தது நினைவிருக்கும்.

கேள்வி (சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர், நெய்யாற்றின்கரை): பைக் நுழையாமல் இருக்கக் கம்பத்தை நெருக்கி நட்டு என்னையும் வெளியே நிறுத்துகிறார்களே?

நிஜம்தான். கம்பங்களுக்கு நடுவே 90 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உங்களால் போக முடியாது, 1.2 மீட்டர் இருந்தால் நிம்மதி. அந்த இடைவெளியில் பைக்கும் போகும். கம்பத்தால் பைக்கைத் தடுக்க முடியாது, வாசலில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் கம்பத்தை நெருக்குகிறார்கள். இந்தியச் சாலைக் கழகத்தின் வழிகாட்டி, சாதாரண நடைபாதைக்கே தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்றும் அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. மனுவில் இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி (போட்டோக்காரர், கன்னியாகுமரி): சதுக்கத்தில் நின்று படம் எடுத்துப் பிழைக்கலாமா?

டைம்ஸ் சதுக்கத்தில் இதே தகராறுதான். பொம்மை வேஷம் போட்டவர்கள் படத்துக்கு நின்றுவிட்டுக் காசு கேட்டு நச்சரிக்கிறார்கள் என்று புகார். விரட்டவில்லை. 2016-இல் தரையில் வண்ணப் பெட்டிகள் வரைந்து, காசு கேட்பதானால் இந்தப் பெட்டிக்குள் நின்று கேள் என்றார்கள். முக்கடல் சங்கமத்துக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம், உங்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசிச் செய்தால்.

கேள்வி (வியாபாரிகள் சங்கச் செயலாளர், மார்த்தாண்டம்): சரி, ஒரு மாதம் சோதனை என்றே வைத்துக்கொள்வோம். முதல் செலவு எது?

ஆள் சம்பளம். வாசலுக்கு இரண்டு ஷிப்டில் இரண்டு பேர், கூட்டிப் பெருக்க ஒருவர். நியூயார்க்கில் 2008 முதல் இப்படிப்பட்ட சதுக்கங்களை நகரம் கட்டிக் கொடுக்கிறது, பராமரிக்க உள்ளூர் அமைப்பு ஒன்று முன்வந்தால்தான் விண்ணப்பத்தையே எடுக்கிறார்கள். உங்கள் சங்கம் அந்த இடத்தில் நிற்குமா என்று முதலில் தீர்மானியுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியைப் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுக்கலாம். தடுப்புக்குப் போலீசிடம் கேட்டால் இரும்புத் தட்டிகள் கிடைக்கும். ஞாயிறு அந்தி நாலு மணிக்கு ஆரம்பியுங்கள், தாய்மார் பிள்ளைகளோடு வருகிற நேரம் அது. அண்டா கடைக்கு முன்னால் இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.