மஞ்சள் ஃபியூச்சர்ஸில் திரையில் தெரிந்த விலைக்கு ஏன் விற்க முடிவதில்லை?

ஃபியூச்சர்ஸ் என்பது பின்னொரு மாதத்தில் சரக்கைக் கைமாற்ற இன்றே விலை பேசும் ஒப்பந்தம் (கான்ட்ராக்ட்). திரையில் பெரிதாகத் தெரிவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. வாங்க, விற்க ஆள் குறைந்த கான்ட்ராக்டில் அது அரைமணி நேரம் பழசாகக்கூட இருக்கலாம். உங்களுக்குக் கிடைப்பது, அந்த நொடியில் வாங்க நிற்பவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைதான்.

என்சிடெக்ஸ் என்ற விளைபொருள் சந்தையில் மஞ்சள் ஒரு லாட் (வியாபார அலகு) 5 டன், விலை குவிண்டாலுக்கு. ஒரு ரூபாய் அசைந்தால் லாட்டுக்கு 50 ரூபாய். தூரத்து மாதத்தில் முடியும் கான்ட்ராக்டில் வாங்குபவர் 14,200, விற்பவர் 14,320 என்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். மார்க்கெட் ஆர்டரில், அதாவது கிடைக்கிற விலைக்கு, வாங்கி உடனே விற்றால், சந்தை அசையாமலே 6,000 ரூபாய் போச்சு.

அளவு கூடினால் இன்னும் மோசம். 14,200-ல் 2 லாட், 14,150-ல் 1, 14,040-ல் 2 என்று வாங்க ஆள் நிற்கும்போது 5 லாட்டை ஒரே அடியாகத் தள்ளினால், சராசரி 14,126. அடுத்தவர் திரையில் 14,040 'விலை' ஆகிவிடும். அதைப் பார்த்து யாரோ வைத்த ஸ்டாப்லாஸும் (விலை ஓர் அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) கிளம்பும். செய்தியே இல்லாமல் வரும் சரிவுகள் பல இப்படிப்பட்டவைதான்.

லிமிட் ஆர்டர் (நீங்கள் சொன்ன விலை அல்லது அதைவிட நல்ல விலைக்கு மட்டும் நடப்பது) மட்டும் போடுங்கள், ஒவ்வொரு லாட்டாக. டெலிவரி கட்டாயம் என்பதால், சரக்கில்லாமல் விற்றவர் கான்ட்ராக்ட் முடியும் கடைசி வாரம்வரை உட்காரக் கூடாது. மார்ஜினும் (கட்டிவைக்க வேண்டிய பிணைத்தொகை) ஏறும், வெளியேற எதிராளியும் கிடைக்கமாட்டார்.

ஈரோட்டு விவசாயிக்கு இன்னொரு சிக்கல்: கான்ட்ராக்ட் விலைக்கு அடிப்படையான மையம் தெலங்கானாவின் நிஜாமாபாத். இரண்டு ஊர் விலையும் ஒன்றாக நகரும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.