சரித்திர நாவலில் சிவிங்கிப்புலி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அக்பர் காலத்தை வைத்துச் சரித்திர நாவல் எழுதுகிறேன். நாயகன் வேட்டைச் சிவிங்கிப்புலியைப் பராமரிப்பவன். எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில், அதைக் கர்ஜிக்க வைக்காதீர்கள். சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) கர்ஜனை வராது. பறவை மாதிரி கீச்சிடும். கண்ணோரத்திலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கும். சிறுத்தைக்கு அது கிடையாது.

வேட்டை பகலில், வெட்டவெளியில். கண்ணை மூடிக் கட்டி மாட்டுவண்டியில் கொண்டுபோவார்கள். வெளிமான்கள் ஆளைக் கண்டால் மிரளும், வண்டிக்கு அவ்வளவாக மிரளாது. கட்டை அவிழ்த்தபின் ஓட்டம் சில நூறு மீட்டர்தான். அதற்குள் அகப்படாவிட்டால் விட்டுவிடும். மைல் கணக்கில் துரத்த விட்டால் காட்சியே பொய்யாகிவிடும். அகப்பட்டால் முன்காலால் தட்டி வீழ்த்தி, தொண்டையைக் கவ்வி மூச்சை அடக்கும். பராமரிப்பவர் ஓடிவந்து மானின் கழுத்தை அறுத்து, ரத்தத்தை மர அகப்பையில் ஏந்திக் கொடுப்பார். அது குடிக்கும்போதே கண்கட்டு மறுபடி ஏறிவிடும்.

குட்டியிலிருந்து வளர்த்ததாகவும் எழுத வேண்டாம். தாயிடம் வேட்டை கற்ற, வளர்ந்த விலங்கைத்தான் குழிவெட்டிப் பிடித்தார்கள். மூன்று மாதம் ஆகும் பயிற்சி அக்பரிடம் 18 நாளில் முடிந்தது என்கிறது அக்பர் ஆட்சியைப் பற்றி அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி. அக்பர் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்தும், தோட்டங்களில் ஜோடி சேர்த்துப் பார்த்தும் பலிக்கவில்லை என்று ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். ஜஹாங்கீர் காலத்தில் ஒரே ஒருமுறை, கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிப்போன ஆணால், மூன்று குட்டிகள் பிறந்தன. ஆக, அரண்மனையில் ஒன்று செத்தால் காட்டிலிருந்து இன்னொன்று வரவேண்டும். நாயகனின் பாசமும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. நாவலின் கனமே இதுதான் என்பேன்.

கேள்வி: கதையை 1930-களின் கோலாப்பூரில் வைத்தால்?
– வாசகர், சேலம்

பதில்: அப்போது சமஸ்தானங்களில் இருந்தவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கியவை. இங்கத்திய இனம் அருகிவிட்டிருந்தது. 1947-இல் இன்றைய சத்தீஸ்கரிலுள்ள கொரியா சமஸ்தானத்தில் மூன்று சுடப்பட்டன; 1952-இல் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. 2022 முதல் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விடப்பட்டவையும் ஆப்பிரிக்க இனமே. ஆசிய இனம் இன்று ஈரானில் மட்டும், ஐம்பதுக்கும் குறைவாக எஞ்சியிருக்கிறது. அங்கே நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாவது பெரும் இழப்பு.

கேள்வி: நாவல் வருமானத்தில் ஒரு பங்கை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் தர விரும்புகிறேன். எப்படி?
– வாசகி, கோவை

பதில்: 'லாபத்தில் பத்து சதவீதம்' என்று போடாதீர்கள். லாபம் எவ்வளவு என்பதிலேயே பதிப்பாளரோடு தகராறு வரும். பிரதிக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, யாருக்குப் போகிறது என்பதைப் பதிப்பு விவரப் பக்கத்தில் அச்சிடுங்கள். பணம் வாங்கும் அமைப்பிடம் தணிக்கை அறிக்கையும், நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை தரும் பதிவும் கேளுங்கள். பொதுவாக 'விலங்குகளுக்கு' என்று கொடுக்காமல், ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கொடுப்பது நல்லது: வேட்டை விலங்குகளிடம் கால்நடை இழந்தவருக்கு உடனடி நிவாரணம், ஆட்டுப்பட்டிக்குக் காவல்நாய், புல்வெளி மீட்பு. இங்கேயே வேண்டுமென்றால் வெளிமான் வாழும் புல்வெளிகளுக்குக் கொடுக்கலாம். கோடியக்கரையில் சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்குகிறது. வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுப்பதற்கும், அடுத்த சில ஆண்டுகள் நாற்றுகளைப் பிடுங்குவதற்கும் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.